உழைப்பாளர் தலைவர் இராமசாமிப் படையாட்சியார்

ஒரு குலத்தார் ஊர்தோறும் பல்கியிருந்தும் ஊராளும் மன்றங்களில் மிகச் சிலராயிருப்பரேல், அவர்தம் பெருக்கத்தால் விளையும் பயன் யாது? வயலில் விளைந்த நெல் களத்திற்கு வாராதது போல்வதாம் அது. நம் தென்னார்க்காட்டில் நெடுங்காலம் நம்மவர் நிலை அவ்வாறே இருந்தது. அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் திரு. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் ஆவர்.

அவர் 1918ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் பிறந்தவர். கடலூரே அவர்தம் ஊர். கடலூர்ப் பெரியார் ஒருவரின் வரலாற்றைச் செஞ்சியார்க்கு உரைப்பது எற்றுக்கு எனின், கூறுதும். அந்நாளில் செஞ்சியும் கடலூரும் ஒரே ஜில்லாவினவாம். அதற்கு முன்னரும் அவ்விரண்டிற்கும் தொடர்புண்டு. 1690ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராமே கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்றவர். பின்னர் நம் மலைக்கோட்டை பாழ்பட, கடலூர் ஜில்லாத் தலைநகராயிற்று. மதிலையும் அகழியையும் விட்டு நீங்கிய அதிகாரம் கச்சேரியிலும் நகரசபையிலும் ஜில்லா போர்டிலும் சென்று தங்கிற்று.

அம்மன்றங்களுக்குள் நம்மவர் புகுதல் எளிதாயிருந்திலது. வரி செலுத்துவோர், எழுத்தறிந்தோர் முதலிய சிலர்க்கே அக்காலத்தில் வாக்குரிமை இருந்தது. பிறர் நிலத்தில் உழைப்போனுக்கு வரிச்சீட்டும் இல்லை; பள்ளிச் சான்றும் இல்லை; ஆதலின் வாக்கும் இல்லையாயிற்று. 1888ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய வன்னியகுல க்ஷத்திரிய மகாசங்கம் முதலாக நம் பெரியோர் நிறுவிய சங்கங்கள் குலப்பெருமையை எடுத்தோதின; விண்ணப்பங்கள் பல விடுத்தன. ஆயினும் விண்ணப்பம் விடுப்போர் வாயிலில் நிற்போரேயன்றி அவையில் அமர்வோர் அல்லர்.

படையாட்சியார் இதனை நன்குணர்ந்தார். சங்கப்பணியோடு நகரப்பணியையும் மேற்கொண்டு கடலூர் நகரசபையிற் புகுந்து, அதன் தலைவராகவும் விளங்கினார். குடிநீர், தெருவிளக்கு, கழிநீர்க் கால்வாய், தொடக்கப்பள்ளி ஆகியவை எத்தெருவிற்கு முதலில் செல்லும், எத்தெருவிற்குக் கடைசியில் செல்லும் என்பது உறுதிப்படும் இடம் நகரசபை. அரசியலை அதன் அடியிலிருந்து கற்க அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

1949ஆம் ஆண்டு நிகழ்ந்த தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் நம்மவர் தனித்து நின்று, 52 இடங்களுள் 22 இடங்களைக் கைக்கொண்டனர். விண்ணப்பத்தால் எய்தாததை வாக்கு எய்துவித்தது. இதனாற் பெற்ற ஊக்கத்தால் படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி உருவாயிற்று. வடார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் திரு. எம். ஏ. மாணிக்கவேலு நாயகர் காமன்வீல் கட்சியை நடத்தினார். படையாட்சியார் தம் கட்சிக்குக் குலப்பெயரைச் சூட்டாது உழைப்பாளர் என்னும் பெயரைச் சூட்டியமை எண்ணத்தக்கது. உழைப்பு ஒரு குலத்தார்க்கே உரியதன்று அன்றோ?

1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. வரிச்சீட்டில்லாத உழவனும், அவன் மனைவியும் முதன்முறையாக வாக்குச்சாவடி ஏகினர். உழைப்பாளர் கட்சி 19 இடங்களிலும், காமன்வீல் கட்சி 6 இடங்களிலும் வென்றன. படையாட்சியாரும் கடலூரில் வென்று சட்டசபை புகுந்தார். 375 இடங்களுள் 152 இடங்களையே பெற்ற காங்கிரஸ், பிறர் துணையின்றி ஆளவியலாத நிலையில் இருந்தது. இராஜாஜி அமைத்த மந்திரி சபையில் மாணிக்கவேலு நாயகர் சேர்ந்தார். படையாட்சியாரோ எதிரணியிலேயே அமர்ந்தார். 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் காமராஜர் முதன்மந்திரியானபோது படையாட்சியாரும் மந்திரியானார். நகரசபையிற் பயின்றவர்க்கு ஸ்தல ஸ்தாபன இலாகாவே வாய்த்தது. சிறார் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய பொழுது தந்தையின் தொழிலிலும் பயிலவேண்டும் என்றிருந்த கல்வித்திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. உழவன் மகன் உழவனாகவே அமையவேண்டும் என்னும் அச்சம் அதனால் நீங்கிற்று.

எனினும், உழைப்பாளர் கட்சி கலைந்து காங்கிரசில் கரைந்தது. ஒரு மந்திரி பதவிக்காக ஒரு கட்சியை இழக்கலாமோ என்று வினவுவோர் இன்றும் உளர். எதிரணியில் அமர்ந்து யாது செய்தல் கூடும் என்பாரும் உளர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. 1962ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர் அக்கட்சியை மீண்டும் எழுப்பியும் பண்டைய வெற்றி வாய்த்திலது. தலைவன் ஒருவன் முடிவாற் கலையும் கட்சி அவன் அழைப்பால் மட்டும் மீண்டும் தளிர்ப்பதில்லை. ஊர்தோறும் வேர் வேண்டும் என்பதே நாம் இதனாற் கொள்ளும் பாடம்.

பின்னர் 1980, 1984ஆம் ஆண்டுகளில், நம் செஞ்சியையும் உள்ளடக்கிய திண்டிவனம் மக்களவைத் தொகுதி காங்கிரஸ் சார்பில் நின்ற அவரையே டில்லிக்கு அனுப்பிற்று. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவர் மறைந்தார். 1993ஆம் ஆண்டில் தென்னார்க்காட்டினின்று பிரிந்த புதிய மாவட்டம் விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம் என அவர் பெயர் தாங்கிற்று. 1997ஆம் ஆண்டில் மாவட்டங்களுக்கிட்ட தலைவர் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கிற்று. கடலூரில் 2019ஆம் ஆண்டு அரசினர் அவர்க்கு மணிமண்டபம் திறந்தனர்.

பலகையிலுள்ள பெயரை ஓர் ஆணை எழுதும். மற்றோர் ஆணை அழிக்கும். வரிச்சீட்டில்லாதவன் வாக்குச்சீட்டால் அவை புகுந்த நெறியோ அழிதற்கரியது. ஆதலின் நம் இளைஞரும் மகளிரும் தத்தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உளதா எனப் பார்த்தலும், ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் புகுந்து, நம் தெருவிற்கென்று மட்டுமின்றி அடுத்த தெருவிற்கும் நீரும் விளக்கும் பள்ளியும் தேடித் தருதலுமே அப்பெரியார்க்கு நாம் செய்யும் நினைவுக்கடன் ஆகும்.