கற்கால மனிதனைக் கண்ட அறிஞர்

சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்துள்ளது சேக்காடு. அவ்வட்டாரத்தில் நிலத்தடியில் உள்ள பழங்களிப் படிவங்களுக்குப் புவியியலார் ஆவடிப் படிவங்கள் எனப் பெயரிட்டுள்ளனர். அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. காலடியிற் கிடக்கும் மண்ணை உற்று நோக்குவோர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் இராபர்ட் புரூஸ் பூட் ஆவார்.

இவர் 1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற் பணிபுரிந்தார். ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியாரின் மகளே இவருடைய மனைவியார்.

பாறைகளை ஆராய்ந்து நிலப்படம் வரைவது பூட்டின் தொழில். பாறையும் அழியும் இயல்பினதே. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையினுள் இறங்குகிறது. பெல்ஸ்பார் முதலிய கனிமங்களிலுள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றைக் கரைத்துச் செல்கிறது. எஞ்சிய அலுமினாவும் சிலிக்காவும் நீருடன் கூடிக் களிமண்ணாகின்றன. எரிமலைக் கண்ணாடி நீரில் ஊறிச் சியோலைட்டாகவும் களியாகவும் திரிவதும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. இரும்புச் சத்தோ துருவேறிச் சிவந்து, சரளைகளைப் பிணைத்துச் செம்புரைக்கல் ஆகிறது. ஆனால், குவார்ட்சைட் என்னும் கல் இவ்வாறு எளிதில் அழிவதில்லை.

1863 மே 30 அன்று, பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பூட் ஒரு குவார்ட்சைட் கல்லைக் கண்டெடுத்தார். அது தானே உடைந்த கல்லன்று. மனிதன் செதுக்கிய கோடரி! ஐரோப்பாவில் கிடைத்த அத்தகைய கருவிகளைப் பற்றி அவர் முன்பே அறிந்திருந்தார். வேறொருவர் கண்ணிற் பட்டிருப்பின், அக்கல் பாதையிற் கொட்டப்பட்டிருக்கும். அவ்வாண்டு செப்டம்பரில், கொற்றலை ஆற்றங்கரையிலுள்ள அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங் என்பாருடன் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவில் மனிதனின் தொன்மை மிகப் பெரிது என்பது இவற்றால் புலனாயிற்று. இச்செம்புரைப் படிவங்கள் ஆழமற்ற கடலில் படிந்தவை என்று அவர் எண்ணியதைப் பின்வந்தோர் ஏற்கவில்லை; அதனால் அவர் கண்டுபிடிப்பின் பெருமை குன்றவுமில்லை.

1891-இல் ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வாழ்ந்தார்; 1912 டிசம்பரில் கல்கத்தாவிற் காலமானார். அவர் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அத்திரம்பாக்கத்துக் களியைப் பலரும் நெடுங்காலம் ஆவடிப் படிவமென்றே கருதினர். மனிதனே தோன்றாத காலத்துக் களியில் கருவிகளைத் தேடுவோர் யார்? 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தனர். அக்களி மிகப் பிற்காலத்து ஆற்றுவெள்ளம் கொணர்ந்த வண்டல் என்பது தெளிவாயிற்று. அதனுள்ளும் கற்கோடரிகள் புதைந்து கிடந்தன. அவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் அறிவித்தனர்.