பேரனுக்காக நாடு காத்த இராணி மங்கம்மாள்

இலண்டன் மாநகரில் வளரும் நம் பிள்ளைகள் முதலாம் எலிசபெத் அரசியைப் பற்றியும் விக்டோரியா மகாராணியைப் பற்றியும் பள்ளியிலே கற்கின்றனர். அவர்கள் தமக்குரிய முடியைச் சூடி ஆண்டவர்கள். முடி பேரனுக்குரியது என அறிந்தே செங்கோல் ஏந்திய ஓர் அரசி தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே இராணி மங்கம்மாள்.

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் தேவியாகிய இவருக்குத் துன்பங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. 1682இல் கணவர் மறைந்தார். அரசேற்ற இளமைந்தர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689இல் அம்மை நோய்க்கு இரையானார். கருவுற்றிருந்த மருமகள் சின்ன முத்தம்மாள் உடன்கட்டை ஏறத் துணிந்தபோது, மங்கம்மாள் அவரைத் தடுத்து நிறுத்தினார். ஆயினும் ஆண்மகவை ஈன்ற சின்னாட்களில் அவரும் உயிர் நீத்தார். பெற்றோரை இழந்த அப்பச்சிளங் குழந்தையே விசயரங்க சொக்கநாதன். குழந்தையின் பெயரால் ஆட்சிப் பொறுப்பைப் பாட்டியார் ஏற்றார்.

அக்காலம் எளியதன்று. ஔரங்கசீப்பின் படைகள் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தன. அப்பெரும் படையை எதிர்த்தால் நாடு அழியும் என உணர்ந்த மங்கம்மாள், திறை செலுத்தி அமைதி காத்தார். ஆயினும் அவர் அஞ்சி ஒடுங்கியவர் அல்லர். திறை தர மறுத்த திருவிதாங்கூர் மீது 1697இல் தளவாய் நரசப்பையரை ஏவி வெற்றி கண்டார். தஞ்சை மராட்டியரையும் போரில் பணிய வைத்தார். பின்னர் மைசூர் மன்னர் காவிரியை அணையிட்டுத் தடுத்தபோது, நேற்றுப் பகைவராயிருந்த அதே தஞ்சையாருடன் கைகோத்தார். உழவர் வயலுக்கு நீர் வேண்டும் என்பதே அவர் முன்னிருந்த கணக்கு. 1702இல் கிழவன் சேதுபதியோடு நிகழ்ந்த போரில் மட்டும் தோல்வியுற்றுத் தளவாயையும் இழந்தார்.

போரினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை அறப்பணிகளே. சாலைகள் அமைத்து, இருமருங்கும் மரங்கள் நட்டு, வழிப்போக்கருக்குச் சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் எழுப்பினார். தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயரும், மதுரையில் மங்கம்மாள் சத்திரமும் இன்றும் அவரை நினைவூட்டுகின்றன. கோயில்களுக்குக் கொடையளித்த கரமே திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவிற்கும் வழங்கியது. கிறித்தவக் குருமாரும் அவர் ஆட்சியில் மதிப்புப் பெற்றனர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு காத்த நாட்டைப் பேரன் கையில் ஒப்படைக்கும் வேளையில் பிணக்கு மூண்டது. அரசியார் தம் அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டு, உணவின்றி வாடி இறந்தார் என்பது மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. பேரனின் ஆட்சி 1732 வரை நீடித்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே மதுரை நாயக்கர் அரசு மறைந்தொழிந்தது.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப ஓவியத்தில் பாட்டியாரும் சிறுவனான பேரனும் அருகருகே நிற்கக் காணலாம். விடுமுறையில் அங்கு செல்லும் நம் சிறார் அதனை உற்று நோக்குவார்களாக. பிறர்க்குரிய பொருளைப் பழுதின்றிக் காப்பது அரிது. காத்ததை உரிய காலத்தில் மனமொத்துக் கைமாற்றுவது அதனினும் அரிது. நம் முன்னோர் காத்துத் தந்த தமிழை அடுத்த தலைமுறைக்கு அளிக்க முனையும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும், அதனைப் பெறும் மாணவர்க்கும் மங்கம்மாளின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.