தந்தை சமாதிக்குப் போன மன்னர்



தென்கொரியத் தலைநகர் சியோலுக்குத் தெற்கே, சுவோன் நகரின் அருகில், பைன் மரங்கள் அடர்ந்த சோலை ஒன்று உள்ளது. அதற்குள் புல் போர்த்திய பெரிய மண்மேடுகள். அவை அரச குடும்பத்தாரின் சமாதிகள். ஒன்றில் ஒரு தந்தை உறங்குகிறார். சற்றுத் தள்ளி, இன்னொன்றில் அவருடைய மகன். அந்த மகன்தான் ஜோசோன் அரச மரபின் 22வது மன்னர், ஜோங்ஜோ.

இவர் 1752ல் பிறந்தார். இயற்பெயர் யீ சான். தாத்தா யோங்ஜோ நாட்டை ஆண்டார். தந்தை சாதோ, பட்டத்து இளவரசர். ஆனால், சாதோவை மனநோய் வாட்டியது. அரண்மனைப் பணியாளர்களைக் கொல்லும் அளவுக்கு அது முற்றியது.

1762ம் ஆண்டு கோடையில், பெற்ற மகனையே அரிசி வைக்கும் மரப்பெட்டியில் அடைக்கக் கட்டளையிட்டார் யோங்ஜோ! யீ சானுக்கு அப்போது வயது 9. தந்தையை விட்டுவிடும்படி தாத்தாவிடம் கெஞ்சினான். பலனில்லை. எட்டாம் நாள், பெட்டிக்குள்ளேயே சாதோ உயிர் துறந்தார். பிறகு யீ சானை, முன்பே இறந்துபோன பெரியப்பாவின் மகனாக அறிவித்துவிட்டார் தாத்தா.

1776ல் தாத்தா காலமானார். பேரன் அரியணை ஏறி, ஜோங்ஜோ மன்னரானார். அன்றே, தாம் சாதோவின் மகன் என்று எல்லாரும் அறியச் சொன்னார். தந்தைக்கு எதிராக இருந்தவர்கள் நடுங்கினர். சிலரைத் தண்டித்தார் மன்னர். ஆனால், பழிவாங்குவதையே வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. எதிர்த்தரப்பினருக்கும் பதவி கொடுத்தார். அரண்மனையில் நூலகம் அமைத்து, இளம் அறிஞர்களை வளர்த்தார்.

1789ல் தந்தையின் சமாதியைச் சுவோன் பகுதிக்கு மாற்றினார். அங்கே குடியிருந்தவர்களுக்கு இழப்பீடு தந்து, வேறிடத்தில் புது ஊர் அமைத்தார். அந்த ஊரைச் சுற்றி 1794 முதல் 1796 வரை ஹ்வாசோங் கோட்டை எழுந்தது. வேலையாட்களுக்குக் கூலியும் கொடுத்தார். கனமான கற்களைத் தூக்க, கப்பிகள் பொருத்திய கருவியை உருவாக்கினார் அறிஞர் ஜோங் யாக்யோங்.

தந்தையின் சமாதிக்கு மன்னர் அடிக்கடி போய் வந்தார். 1795ல் தாயின் 60வது பிறந்தநாளை ஒட்டி, அவரையும் அழைத்துச் சென்றார். சுமார் 6,000 பேர் உடன் சென்றனர். ஹான் ஆற்றைக் கடக்க, 36 படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிப் பாலம் போட்டனர். சுவோனில் தாய்க்கு விருந்து நடந்தது. ஏழைகளுக்கு அரிசியும் கஞ்சியும் வழங்கப்பட்டன.

இந்தப் பயணங்களில் இன்னொரு சிறப்பும் உண்டு. சாதாரண மக்கள், அரண்மனைக்குள் நுழைய முடியாது. ஆனால், மன்னர் சாலையில் வரும்போது தம் குறையைச் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர் மனு கொடுப்பார். தெரியாதவர் சேகண்டியைத் தட்டுவார். இப்படி, தம் ஆட்சிக் காலத்தில் 3,000க்கும் மேற்பட்ட முறையீடுகளை ஜோங்ஜோ விசாரித்தார்.

1800ல், 47 வயதில் ஜோங்ஜோ மறைந்தார். தந்தையின் அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. ஜோசோன் அரச சமாதிகளை 2009ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ.

ஒன்பது வயதில் ஜோங்ஜோ கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. மன்னரான பின், பிறர் கெஞ்சியதை அவர் நின்று கேட்டார். நாம் பட்ட துன்பம் பிறருக்கு வரக்கூடாது என்று நினைப்பதுதானே உயர்ந்த குணம், செல்வங்களே!