அச்சுக் கோத்த கை

திருத்தணிக் குன்றின் படிகளில் நின்று வடக்கே நோக்குகிறோம். அந்தப் பக்கம் ஆந்திரம். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, இந்தக் குன்றும் அதனோடு போயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் மீண்டு வந்தது. மீட்கப் போராடியோர் பலர். மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் மூட்டிய கனலைச் சென்னையிலிருந்து வந்து ஊதிப் பெருக்கினார், மீசைக்காரர் ஒருவர். ம.பொ.சிவஞானம்! எல்லை வீரர் என்று அவரை ஊர் அறியும். ஆனால் இன்று நாம் பேச வந்தது எல்லையை அல்ல, எழுத்தை.

இதே திருத்தணியில் 1888-ல் பிறந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். கல்லூரி கண்டார், ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார், நூல்கள் எழுதினார். படித்தவர் எழுதினார், அதில் வியப்பென்ன? மூன்றாம் வகுப்போடு பள்ளி வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்ட ஏழைச் சிறுவன், என் பெயரும் ஒரு நூலின் முகப்பில் ஏற வேண்டும் என்று எண்ணலாமா? எண்ணினால் சிரிப்பார்களே, தோழர்களே!

1906-ல் சென்னையில் பிறந்த அந்தச் சிறுவனை வறுமை பள்ளியிலிருந்து பிடித்து இழுத்தது. தறியில் உட்கார்ந்தான். பிறகு அச்சகம் சென்றான். அச்சுக் கோக்கும் தொழிலாளியானான்.

அச்சுக் கோப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அறிந்தவர்கள் நம் வாசகரிலேயே உண்டு. பெட்டி பெட்டியாக ஈய எழுத்துகள். கண் கையெழுத்துப் படியில். விரல் அறையறையாகத் தாவும். எழுத்து தலைகீழாக நிற்கும், அதைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். நாள் முழுதும் நின்றால் காலில் வலி, விரலில் ஈயக் கறை. வரி எவனுடையதோ, பெயர் எவனுடையதோ! கோத்தவன் பெயர் எந்த ஏட்டிலும் வராது. வரதராசுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' ஏட்டிலும் இப்படித்தான் அவர் நின்றார். ஆனால் கோத்த ஒவ்வொரு வரியும் அவருக்குப் பாடமாயிற்று. வாக்கியம் எங்கே நிமிர்கிறது, எங்கே சாய்கிறது என்று கற்றுக் கொடுத்த வாத்தியார் அந்தப் பெட்டிதான். வீட்டில் தாய் சிவகாமி அம்மையார் ஊட்டிய கதைப்பாடல்களின் தமிழ் வேறு இருந்தது.

1942 ஆகஸ்டில் சிறை. தமிழ்நாட்டிலிருந்து அமராவதிக்குக் கொண்டு போனார்கள். அங்கே வெயில் வாட்டியது. வயிற்று நோய் பற்றிக்கொண்டது, வாழ்நாள் முழுதும் விடவில்லை. உடல் எலும்புக்கூடாயிற்று. அந்த நிலையில் அவர் கையில் இருந்தது எது? சிலப்பதிகாரம்! புலவர் பட்டம் பெற்றோரும் உரையின் துணையோடு நுழையும் காப்பியத்தை, மூன்றாம் வகுப்புக்காரர் சிறைக் கொட்டடியில் தனியே உழுதார். பின்னாளில் சிலம்புச் செல்வர் என்று ரா.பி.சேதுப்பிள்ளையே அழைத்தார்.

வெளியே வந்தவர் எழுதினார். நாடு பாதி மறந்துவிட்ட வ.உ.சி.யின் வரலாற்றைக் 'கப்பலோட்டிய தமிழன்' ஆக்கினார். 1961-ல் அது திரைப்படமாயிற்று. சிவாஜி கணேசன் செக்கிழுத்த காட்சியில் கண் துடைத்தவர்களில் எத்தனை பேர், இதை எழுதியவர் பழைய அச்சுத் தொழிலாளி என்று அறிந்திருந்தார்கள்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேனா நம் மீதும் பாய்ந்தது. திராவிட இயக்கத்தை மேடைதோறும், ஏடுதோறும் சாடியவர் அவர். நாமும் சும்மா இருக்கவில்லை. பிறகு 1967-ல் உதயசூரியன் சின்னத்தில் தியாகராய நகரில் நின்று வென்றார்! அரசியலின் அந்தத் திருப்பங்களை எடை போடுவோர் போடட்டும். அவர் தமிழைக் குறை சொல்ல அன்றும் நமக்கு மனம் வரவில்லை.

'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' என்ற நூலுக்கு 1966-ல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. தணிகை முருகனைப் பாடிய வள்ளலாரைப் பற்றிய நூலுக்கு, தணிகைக்காகப் போராடியவர் பெற்ற பரிசு. சட்ட மேலவையின் தலைவராகவும் அமர்ந்தார்; 1986-ல் மேலவையே கலைக்கப்பட்டது. 1995 அக்டோபர் 3-ல் மறைந்தார்.

அவர் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. எந்த அச்சகமும் அச்சிடலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோக்கும் ஆளைத்தான் இன்று தேட வேண்டும்.