நாய்களுக்கு வீடு கொடுத்த மேரி அம்மா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு யாராவது ஒரு பெரியவங்களோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். ராணிகள், தலைவர்கள் கதையெல்லாம் எல்லோரும் எழுதுவாங்க. நான் நம்மளை மாதிரி சாதாரணமான ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் மேரி டீல்பி. இங்கிலாந்து நாட்டுக்காரர்.

மேரி 1801-ம் வருஷம் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் பேட்ஸ். ஹல் என்கிற துறைமுக ஊரில் மர வியாபாரம் செய்த ராபர்ட் டீல்பி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தை இல்லை. பிறகு லண்டனில் இருந்த அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, பார்த்துக்கொள்ளக் கிளம்பிப் போனார். போனவர் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. லண்டனில் ஹாலோவே என்ற பகுதியில் அப்பா அம்மாவோடும், பாதிரியாராக இருந்த உடன்பிறந்தவர் எட்வர்டோடும் இருந்துவிட்டார். புருஷனைப் பிரிந்து பிறந்த வீட்டில் இருக்கிற பெண்ணை நம்ம ஊரில் என்னவெல்லாம் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்து இங்கிலாந்திலும் அது லேசான விஷயம் இல்லை.

அப்போது லண்டன் தெருக்களில் வீடில்லாத நாய்கள் ஏராளமாகத் திரிந்தன. 1860-ல் மேரி அம்மா, தன் தோழி சாரா மேஜர் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தத் தோழி தெருவில் பட்டினியாகக் கிடந்த ஒரு நாயைத் தூக்கி வந்து சமையலறையில் போட்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்த நாய். இரண்டு பேரும் சேர்ந்து ஊட்டி, துடைத்து, என்னவெல்லாமோ செய்து பார்த்தாங்க. அது பிழைக்கவில்லை.

நாமாக இருந்தால் ரெண்டு நாள் வருத்தப்பட்டு விட்டுவிடுவோம். மேரி அம்மாவால் விட முடியவில்லை. தெருவில் கிடக்கிற நாய்களைக் கொண்டுவந்து பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் இடம் போதவில்லை. பக்கத்தில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவில் குதிரை லாயம் இருந்த ஒரு முற்றத்தை வாடகைக்குப் பிடித்தார். காணாமல் போன நாய்களுக்கும் பட்டினி கிடக்கிற நாய்களுக்கும் தற்காலிக இல்லம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 60 வயது. நாற்பது தாண்டினாலே இனிமேல் நமக்கு என்னன்னு உட்காருகிறோமே, அதுக்காகத்தான் வயதைச் சொன்னேன்.

கேலி வராமல் இருக்குமா? லண்டனில் பெரிய பத்திரிகையான டைம்ஸ், அந்த வருஷமே அவரைக் கிண்டல் செய்து எழுதியது. மனுஷங்களே சோறில்லாமல் கிடக்கும்போது நாய்க்கு வீடு ஒரு கேடா என்பதுதான் பலருடைய பேச்சு. நாய்கள் குரைக்கிற சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்துக்காரர்களும் புகார் சொன்னாங்க. பணத்துக்கும் திண்டாட்டம்.

இங்கேதான் அக்கா, நாம கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. மேரி அம்மா தனியாக நின்று போராடவில்லை. ஒரு குழு அமைத்தார். 1860 நவம்பரிலேயே குழுக் கூட்டம் போட்டாங்க. சந்தா வசூலித்தாங்க. விதிமுறையும் எழுதினாங்க. நாயைத் தேடி வருகிற சொந்தக்காரர், அதற்குச் சாப்பாடு போட்ட செலவைக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகலாம். சந்தா கட்டுகிறவர் நாய் என்றால் அந்தச் செலவு கிடையாது. 14 நாள் ஆகியும் யாரும் தேடி வராத நாயை என்ன செய்வது என்று குழு முடிவு பண்ணும். இரக்கம் மட்டும் இருந்தால் போதாது, கணக்கும் கட்டுப்பாடும் வேண்டும் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம தீர்மான நோட்டு மாதிரிதான் அது.

1862-ல் லண்டனில் ஒரு பெரிய நாய்க் கண்காட்சி நடந்தது. நல்ல சாதி நாய்களாகப் பார்த்து வளர்த்து, பரிசுக்குக் கொண்டுவந்தாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மேரி அம்மாவின் இல்லம். பேர்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் இந்த இரண்டு இடத்தையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பரிசு நாய்களைவிட, கேட்பாரற்ற நாய்கள் இருந்த அந்த முற்றத்தைத்தான் அது பெருமையாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஜனங்கள் பார்வை மாறத் தொடங்கியது.

ஆனால் மேரி அம்மாவுக்கு அதிக நாள் கொடுத்து வைக்கவில்லை. புற்றுநோய் வந்தது. 1865-ல் இறந்துபோனார். பிகிள்ஸ்வேட் என்ற ஊரில் அடக்கம் செய்தாங்க. இல்லத்தை நடத்தியது அஞ்சு வருஷம்தான்.

ஆரம்பித்தவர் போனதும் அது மூடிப்போயிருக்க வேண்டும். மூடவில்லை. குழு இருந்ததே! 1871-ல் இல்லம் லண்டனிலேயே பாட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. 1883-ல் பூனைகளையும் சேர்த்தாங்க. 1885-ல் விக்டோரியா மகாராணியே அதன் புரவலர் ஆனார். கேலி பேசின ஊரிலேயே மகாராணியின் ஆதரவு கிடைத்தது. இன்றைக்கும் பாட்டர்சீ இல்லம் நடக்கிறது. இதுவரைக்கும் 30 லட்சத்துக்கு மேல் பிராணிகள் அங்கே அடைக்கலம் பெற்றிருக்கின்றன.

எங்கள் குழு ஆரம்பித்த புதிதில், பொம்பளைங்க கூடிக் கதை பேசத்தான் போறாங்கன்னு தெருவில் பேசினாங்க. என் வீட்டிலேயும் பேசினாங்க. முதல் மாதம் பாதிப் பேர் வரவில்லை. மேரி அம்மா கதையைப் படித்தபோது எனக்கு அந்த மாதம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாங்கள் நோட்டை மூடி வைத்திருந்தால் இன்றைக்கு இந்த மலரில் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நாம் ஆரம்பிக்கிற வேலை நமக்குப் பிறகும் நடக்க வேண்டும் என்றால் அதை நாலு பேர் கையில் கொடுத்து வைக்க வேண்டும். மேரி அம்மா வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அப்புறம் ஒன்று. வாசலில் வந்து நிற்கிற நாயைக் கல்லால் அடிக்காமல், மிச்சம் இருக்கிற சோற்றில் ஒரு கை வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். அதுக்குக் குழுத் தீர்மானம் எல்லாம் தேவையில்லை.