குதிரை தந்த விஷமுறிவு: ஆல்பர்ட் கால்மெட்

உத்திரமேரூர் பக்கம் இரவில் மோட்டார் போடவும், வரப்பில் மடை திருப்பவும் போகிற உங்களுக்குப் பாம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. அந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் கால்மெட். உங்கள் பிள்ளையின் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்புக்கும் அவரே காரணம்.

1863-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்த கால்மெட், கடற்படை மருத்துவர். 1891-ல் பாஸ்டரின் ஆய்வுக்கூடக் கிளையைத் தொடங்க வியட்நாமின் சைகோனுக்குப் போனார். அதுவும் நம்மைப் போன்ற நெல் பூமி. அரிசிச் சாராயத்துக்குச் சேர்க்கும் புளிப்பு மாவிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சையைப் பிரித்தெடுத்ததும் அவர்தான். அந்த ஆண்டு மழைக்காலத்தில் பாக் லியூ அருகே ஒரு கிராமத்தில் நாகங்கள் புகுந்தன. சுமார் 40 பேர் கடிபட்டு, 4 பேர் இறந்தனர். பிடித்த பாம்புகளைப் பீப்பாயில் அடைத்து கால்மெட்டுக்கு அனுப்பினார்கள். வேலை அங்கே தொடங்கியது.

1894-ல் பாரிசில், முயலுக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செலுத்தினால் அதன் ரத்தம் விஷத்தை முறிக்கும் என்று காட்டினார். பிசாலிக்ஸ், பெர்ட்ராண்ட் என்ற இருவரும் அதே ஆண்டில் இதைக் கண்டிருந்தார்கள். 1895-ல் லில் நகர ஆய்வுக்கூடத்தின் தலைவரான பிறகு, முயலுக்குப் பதில் குதிரையைப் பயன்படுத்தினார். குதிரையிடம் ரத்தம் நிறைய எடுக்கலாம், எடுத்தாலும் தேறிவிடும்.

ஒன்றில் அவர் தவறினார். நாக விஷத்துக்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். கண்ணாடி விரியன் கடிக்கு அது பயன்படாது என்பதை இந்தியாவில் ஆராய்ந்த ஜார்ஜ் லாம்ப் காட்டினார். எந்த விஷத்தைச் செலுத்துகிறோமோ அதற்கான எதிர்ப்பொருளைத்தான் குதிரை உருவாக்கும். இன்றைய மருந்துக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் தேவைப்படுவது இதனால்தான். 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த விஷத்தை எடுத்துத் தருகிறது.

அடுத்த வேலை காசநோய். கால்நடை மருத்துவர் கமீல் கெரினுடன் 1908-ல் தொடங்கினார். எடுத்துக்கொண்டது மனிதக் கிருமி அல்ல. நோயுற்ற பசுவின் மடியிலிருந்து கிடைத்த மாட்டுக் காசநோய்க் கிருமி. (பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்பது வெறும் பேச்சல்ல.) மாட்டுப் பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் அதை வளர்த்து, சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றினார்கள். முதல் உலகப் போரில் லில் நகரம் ஜெர்மானியர் கையில் சிக்கியபோதும் விடவில்லை. 13 ஆண்டுகள், 230 முறை. கிருமி வீரியம் இழந்தது. 1921-ல் ஒரு பச்சிளம் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது.

1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுத்த குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்குள்ள கூடத்தில் வீரியமுள்ள கிருமி கலந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. கால்மெட்டின் கிருமி மேல் குற்றமில்லை. ஆனாலும் அந்தத் துக்கம் அவரை விடவில்லை. 1933-ல் காலமானார்.

அவருடைய இரண்டு வேலைகளும் பிற்காலத்தில் குதிரை லாயத்தில் சந்தித்தன. காசநோய்க் கிருமி இனத்தின் மேலுறை மெழுகுபோன்ற கொழுப்பால் ஆனது. அதைக் கண்டதும் உடலின் காவல் அணுக்கள் விழித்துக்கொள்ளும். அந்த இனக் கிருமிகளைக் கொன்று, எண்ணெயில் கலந்து, விஷத்தோடு முதல் ஊசியில் சேர்த்தால் குதிரை பலமடங்கு எதிர்ப்பொருள் உருவாக்கும். பல தயாரிப்புக் கூடங்கள் இம்முறையைக் கையாண்டன. எல்லாக் கிருமி உறையும் இப்படி உதவாது. குடல் கிருமிகள் போன்றவற்றின் வெளியுறையில் இருக்கும் எண்டோடாக்சின் துளி கலந்தாலும் குதிரைக்குக் காய்ச்சல் வரும். குளம்பு நோய்கூட வரலாம். விஷத்தைச் சுத்தமாக எடுக்க வேண்டியதன் காரணம் அதுவே.

கடிபட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடிப் பிடித்து வரவும் வேண்டாம். நான்குக்கும் ஒரே மருந்துதான். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.