சென் ஹென்றியில் பிறந்த குரல்

முதலில் ஒரு சின்ன வேலை. கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. அம்மம்மா தொலைபேசியில் கதைக்கிறா எண்டு நினையுங்கோ. முகம் தெரியவில்லை. ஆனாலும் அவ சிரிக்கிறாவா, கோபமாக இருக்கிறாவா எண்டு உங்களுக்கு உடனே விளங்கும், இல்லையோ? முகம் இல்லாமலே குரல் ஆளைக் காட்டிவிடும்.

இந்தப் பாடத்தில் வரும் மனிதர் தன் குரலால் திரையரங்கு நிறைய இருந்தவர்களைப் பயப்பட வைத்தார். தொலைக்காட்சியில் அவருடைய முகத்தைப் பார்த்தவர்களும் நிறையப் பேர். ஆனால் திரையரங்கில் அந்தக் குரலைக் கேட்டவர்களில் பலருக்கு, அது யாருடைய குரல் என்று தெரியாது. அவர் எங்கள் மொன்றியல்காரர். பெயர் பேர்சி ரொட்ரிகஸ்.

பேர்சி 1918ஆம் ஆண்டு யூன் 13ஆம் திகதி பிறந்தார். அவர் வளர்ந்த இடம் சென் ஹென்றி. ஸ்னோடன் நிலையத்தில் செம்மஞ்சள் நிறப் பாதை மெற்றோவில் ஏறி நகரப் பக்கம் போனால் மூன்றாவது நிலையம் அதுதான். உங்களில் பலர் அந்த வழியால் போயிருப்பீர்கள். இப்போது அங்கே கோப்பிக் கடைகளும் புதிய மாடி வீடுகளும் இருக்கின்றன. பேர்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி இல்லை. ஒரு பக்கம் லஷீன் கால்வாய். அதன் கரையில் வரிசையாகத் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் புகையிரதப் பாதை. வீடுகளில் உலர்த்தப் போட்ட துணியில் புகைக்கரி படியும். தொழிலாளர்களின் ஊர் அது.

அதற்குப் பக்கத்தில்தான் மொன்றியலின் கறுப்பின மக்கள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஆண்கள் பலருக்குப் புகையிரதத்தில்தான் வேலை. பயணிகளின் பெட்டிகளைத் தூக்குவது, இரவில் அவர்களுக்குப் படுக்கை விரிப்பது, சப்பாத்துத் துடைப்பது. படித்தவர்களுக்கும் பெரும்பாலும் அந்த வேலைதான் கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சனும் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் புகையிரதத்தில் அப்படித்தான் வேலை செய்தார். ஒஸ்கார் பேர்சியைவிட ஏழு வயது இளையவர்.

பேர்சியின் முன்னோர் ஆபிரிக்கரும் போர்த்துக்கேயரும். ரொட்ரிகஸ் என்பது போர்த்துக்கேயப் பெயர். இலங்கையிலும் ரொட்ரிகோ, பெர்னாண்டோ என்ற பெயர்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் அங்கேயும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானே! நாங்கள் வீட்டில் சொல்லுகிற அலுமாரி, சப்பாத்து, யன்னல், பாண் எல்லாம் அவர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். (அடுத்த முறை பாண் சாப்பிடேக்க நினைச்சுப் பாருங்கோ.)

பேர்சி பதின்ம வயதில் இருந்தபோது அவருடைய அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அது 1930களின் தொடக்கம். உலகம் முழுவதும் வேலை இல்லாத காலம். மொன்றியலிலும் வேலை இழந்தவர்கள் இலவச சூப்புக்கு வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் பேர்சி வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு கொண்டுவரத் தொடங்கினார். உங்கள் அண்ணா, அக்காவின் வயதுதான் அவருக்கு.

வேலைக்கு நடுவிலும் இரண்டு விடயங்களில் அவருக்கு ஆசை இருந்தது. ஒன்று குத்துச்சண்டை. மற்றது நாடகம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்கள். எனக்கு என்னவோ சம்பந்தம் இருக்கிற மாதிரித்தான் படுகிறது. குத்துச்சண்டை வீரர் எங்கே நிற்கிறார், எப்படி மூச்சு விடுகிறார், எப்போது பொறுத்திருக்கிறார் என்பது முக்கியம். நடிகருக்கும் அவை எல்லாம் வேண்டும்.

1940களில் மொன்றியலின் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு நாடகக் குழு நடத்தினார்கள். சம்பளம் கிடையாது. பகலில் வேலை, இரவில் ஒத்திகை. பேர்சி அந்தக் குழுவில் நடித்தார். நாடக விழாவில் நடிப்புக்குப் பரிசும் பெற்றார். உயரமான ஆள், நிமிர்ந்த நடை, ஆழமான குரல். மேடையில் அவர் வாய் திறந்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்.

இவ்வளவு திறமை இருந்தும் என்ன? நாடகம் சோறு போடவில்லை. பேர்சி பத்து வருடம் பட்டறையில் வேலை செய்தார். இரும்பைக் கடைந்து கருவிகளும் இயந்திரத் துண்டுகளும் செய்கிற வேலை. ஒரு மயிரிழை பிசகினாலும் துண்டு பொருந்தாது. அந்தப் பத்து வருடத்தைப் பற்றிப் புத்தகங்களில் ஒரு வரிதான் எழுதுவார்கள். ஆனால் ஒரு மனிதனுக்குப் பத்து வருடம் என்பது எவ்வளவு நீளம்! நீங்கள் பிறந்து இன்றுவரை அவ்வளவு காலம்தான் ஆகியிருக்கும்.

பிறகு அவர் நியூயோர்க் போனார். அங்கே பிரோட்வே என்று ஒரு வீதி இருக்கிறது. அதைச் சுற்றித்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய நாடக அரங்குகள் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டு, லிலியன் ஹெல்மன் எழுதிய ஒரு நாடகத்தில் பேர்சிக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. அந்த நாடகம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்போது பேர்சிக்கு நாற்பத்தொரு வயது. பல நடிகர்கள் இருபது வயதில் ஏறுகிற படியில் அவர் நாற்பது தாண்டித்தான் ஏறினார். நான்கு வருடம் கழித்து, ஜேம்ஸ் போல்ட்வின் என்ற பெரிய கறுப்பின எழுத்தாளரின் நாடகத்திலும் அவர் நடித்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு மதபோதகரின் பாத்திரம் அது.

இந்த இடத்தில் ஒரு பெயர்க்கதை சொல்ல வேணும். பேர்சியின் குடும்பப் பெயர் ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ என்று முடியும். பிரோட்வேயில் அவர் நடிக்கத் தொடங்கிய காலத்தில், நாடக நிகழ்ச்சித் தாளில் யாரோ அதைப் பிழையாக ‘இசட்’ என்று அச்சடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயப் பெயர் ஒரே நாளில் ஸ்பானியப் பெயர் ஆகிவிட்டது! பேர்சி அதைத் திருத்தச் சொல்லவில்லை. அதையே தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு படங்களிலும் தொலைக்காட்சியிலும் அந்த ‘இசட்’தான்.

உங்கட பெயரை வகுப்பில எல்லாரும் சரியாச் சொல்லுகினமோ? உங்கள் பெயருக்கு எத்தனை எழுத்துப்பிழை வந்திருக்கிறது? நான் என்றால் திருத்தச் சொல்லியிருப்பேன். பேர்சி ஏன் விட்டார் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் அச்சில் வந்ததே போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

இனி அவருடைய நடிப்பைப் பார்ப்போம். பேர்சி கதாநாயகன் அல்ல. அவர் குணச்சித்திர நடிகர். அப்படி எண்டால் என்ன? கதையில் ஒரு நீதிபதி வருவார், ஒரு மாமா வருவார், ஒரு பொலிஸ் அதிகாரி வருவார். கொஞ்ச நேரம்தான் வருவார்கள். ஆனால் அவர்கள் சரியில்லை என்றால் கதையை யாரும் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட பாத்திரங்களை வேறு வேறு ஆட்களாக மாறி நடிப்பவர்தான் குணச்சித்திர நடிகர்.

அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பின நடிகர்களுக்குக் கிடைத்த பாத்திரங்கள் மிகக் குறைவு. கிடைத்தாலும் வேலைக்காரர், அல்லது திருடர், அல்லது சிரிப்புக் காட்டுபவர். பேர்சிக்குக் கிடைத்தவை கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி இருந்தன.

‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்திருக்கிறீங்களோ? விண்வெளிக் கப்பலில் பயணம் போகிறவர்களின் கதை. அதன் தலைவர் கப்டன் கேர்க். 1967ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த ஒரு கதையில், கேர்க் தன் கப்பலில் இருந்த ஒருவருடைய சாவுக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்படுகிறார். அவரை விசாரணைக்கு நிறுத்துகிற மேலதிகாரி ஸ்டோன். அந்த ஸ்டோன்தான் எங்கள் பேர்சி. கேர்க்கைவிடப் பதவியில் பெரியவர். அவர் கேள்வி கேட்டால் கேர்க் பதில் சொல்ல வேண்டும்.

இதில் என்ன புதுமை என்று இப்போது தோன்றலாம். அப்போது அது பெரிய விடயம். ஒரு கறுப்பின மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, வெள்ளையின நாயகனைப் பார்த்து உத்தரவு போடுகிறார். கதையில் ஒருவர்கூட அவருடைய தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர் அதிகாரி, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இன்னும் பெரிய வாய்ப்பு வந்தது. ‘பேய்ட்டன் பிளேஸ்’ என்று ஒரு தொடர். (பேய்க்கதை இல்லை, பயப்படாதைங்கோ! அது ஒரு ஊரின் பெயர்.) இப்போது எங்கள் வீடுகளில் பின்னேரம் சீரியல் ஓடுமே, அது மாதிரி. கிழமையில் இரண்டு மூன்று முறை வரும். அமெரிக்கா முழுவதும் பார்த்தார்கள். அந்தக் கற்பனை ஊரில் வாழ்ந்த முக்கியமான குடும்பங்கள் எல்லாம் வெள்ளையினக் குடும்பங்கள். 1968இல் அங்கே புதிதாக ஒரு மருத்துவர் வருகிறார். மூளையில் சத்திரசிகிச்சை செய்கிற நிபுணர். பெயர் ஹரி மைல்ஸ். அவருக்கு மனைவி, பதின்ம வயது மகன். அந்த மருத்துவராக நடித்தவர் பேர்சி. மனைவியாக நடித்தவர் புகழ் பெற்ற நடிகை ரூபி டீ.

அந்த 1968 எப்படிப்பட்ட வருடம் தெரியுமோ? கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் ஏப்பிரல் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நகரங்கள் எரிந்தன. அப்படி ஒரு நேரத்தில், ஒரு கறுப்பின மருத்துவரும் அவருடைய குடும்பமும் தொலைக்காட்சி வழியாக ஒவ்வொரு வீட்டின் வரவேற்பறைக்கும் வந்தார்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் என்ன பேசுகிறார்கள், மகனோடு என்ன சண்டை என்பதையெல்லாம் மக்கள் பார்த்தார்கள்.

அதே வருடம் ஒரு திரைப்படத்திலும் பேர்சி மருத்துவராக வந்தார். அந்த மருத்துவர் வேறு விதமானவர். கோபக்காரர், நோயாளி, மகளோடு மனத்தாங்கல் உள்ளவர். இரண்டு பேரும் மருத்துவர்கள்தான். ஆனால் ஒருவரைப் போல மற்றவர் இல்லை. குணச்சித்திர நடிகரின் கெட்டித்தனம் அங்கேதான் தெரியும். 1970இல் வந்த இன்னொரு தொடரில் அவர் இரகசியப் பொலிஸ். அதில் மூன்று பேர் முக்கிய நடிகர்கள், அவர்களில் பேர்சியும் ஒருவர்.

சரி, குரல் எண்டு தொடங்கினனே, அதுக்கு வருவம்.

புதுப்படம் வருவதற்கு முன் அதன் துண்டுக் காட்சிகளைச் சேர்த்து ஒரு சின்னப் படம் காட்டுவார்கள். ட்ரெயிலர் என்று சொல்கிறோமே, அதுதான். நல்ல தமிழில் முன்னோட்டம். அதில் ஒருவர் பின்னால் இருந்து கதை சொல்வார். அவரைத் திரையில் பார்க்க முடியாது. ஒரு சின்ன அறை, வெளிச் சத்தம் வராத சுவர், ஒரு ஒலிவாங்கி, கையில் ஒரு தாள். படம் ஓட ஓட, சரியான நொடியில் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. பட்டறையில் மயிரிழை பார்த்து வேலை செய்த பேர்சிக்கு இது பழகிய விடயம்தானே!

1975ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பில்பேர்க் எடுத்த ஒரு படம் வந்தது. ஒரு பெரிய சுறா, கடலில் குளிக்க வருகிறவர்களைக் கடிக்கிற கதை. ‘ஜோஸ்’ என்பது அதன் பெயர். தாடை என்று அர்த்தம். அதன் முன்னோட்டத்தில் கமரா கடலுக்கு அடியில் மெதுவாக நகரும். அப்போது பேர்சியின் குரல் கேட்கும். பல மில்லியன் வருடங்களாக மாறாமல் வாழ்ந்து வருகிற ஓர் உயிரினத்தைப் பற்றி அது சொல்லும். பயப்படுத்த வேணும் எண்டால் கத்த வேணும் எண்டு நாங்கள் நினைப்பம். பேர்சி கத்தவே இல்லை. மெதுவாக, அடிக்குரலில், இடையிடையே நிறுத்திச் சொன்னார். அந்த நிறுத்தத்தில்தான் பயம். அந்தக் கோடையில் கடற்கரைக்குப் போனவர்கள் பலர் தண்ணீரில் கால் வைக்க முன் இரண்டு தரம் யோசித்தார்கள்.

அதற்குப் பிறகு பேர்சியின் குரலைத் தேடி வந்தார்கள். பல படங்களின் முன்னோட்டங்களுக்கும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் அவர் குரல் கொடுத்தார். குரலுக்கு நிறம் தெரியாது. ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்ப்பவர்கள் கேட்கவில்லை. அது நல்லதா, கவலையா? எனக்கு இரண்டும் போலத்தான் இருக்கிறது. முகத்தைக் காட்டி நடிக்க அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் பேர்சி கலிபோர்னியாவில் இந்தியோ என்ற ஊரில் வாழ்ந்தார். பாலைவனத்தில் இருக்கிற, பேரீச்சம் தோட்டங்கள் நிறைந்த வெயில் ஊர் அது. மொன்றியல் பனிக்கு நேரெதிர். சிறுநீரக நோயால் 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆம் திகதி அங்கே இறந்தார். அப்போது அவருக்கு வயது 89.

அந்தச் சுறாப்படத்தின் முன்னோட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அம்மா அப்பாவிடம் கேட்டு, அறை விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கோ. முடியும்போது பெயர்கள் வரும். இயக்குநரின் பெயர் இருக்கும், நடிகர்களின் பெயர்கள் இருக்கும். பேர்சியின் பெயர் இருக்காது, ‘எஸ்’ போட்டும் இல்லை, ‘இசட்’ போட்டும் இல்லை.